அம்மா கைக்கு ஒரு வாட்ச்: கொல்லிமலையில் வீட்டிலேயே செய்த கதை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டது.)

டிரெஸ் வாட்ச்னு ஒரு வகை இருக்கு. பேரைக் கேட்டா கோட் சூட் போட்டவங்களுக்கு மட்டும்னு தோணும். விஷயம் ரொம்ப எளிமை. மெல்லிசா இருக்கணும், சட்டைக் கைக்குள்ள தட்டாம நுழையணும். டயல்ல தேதி, கிழமை, ஸ்டாப் வாட்ச்னு எந்தக் கூட்டமும் இருக்கக் கூடாது. தோல் வார். அவ்வளவுதான். 1932-ல படேக் பிலிப் கொண்டுவந்த கலாத்ரவாவைத்தான் இதுக்கு உதாரணமாக் காட்டுவாங்க. குறுக்களவு 31 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். இன்னைக்கு ஆம்பளைங்க கட்டுற பல வாட்ச் 42, 44-னு தோசைக்கல் சைஸ்ல வருது. அதுக்குப் பக்கத்துல வச்சா இது குழந்தை வாட்ச்.

இந்த வகையை வீட்டுல உக்காந்து செய்ய முடியுமா? முடியும். ஆனா "செய்றது"ங்கிற வார்த்தைக்கு இங்க என்ன அர்த்தம்னு முதல்லயே பேசிடணும். ஒரு சாவி கொடுக்குற வாட்சுக்குள்ள இருக்கிற மெஷினை வீட்டுல யாரும் செய்றதில்லை. பேலன்ஸ் சக்கரம் சுத்துற அச்சோட நுனி ஒரு தலைமுடி தடிமன்தான். ஹேர் ஸ்பிரிங்குக்குத் தனி உலோகக் கலவை வேணும். அதெல்லாம் தொழிற்சாலை வேலை. நாம செய்யக்கூடியது மூணு: மெஷினைத் தேர்ந்தெடுத்து உயிர் கொடுக்கிறது, டயல், கேஸ். இந்த மூணுக்கும் பின்னாடி ஒரு கேள்வி இருக்கு. யாருக்காக, எதுக்காகச் செய்றோம்? அதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி முடிவு தானா வந்துடும்.

எனக்கு அந்தப் பதில் சுலபமா இருந்தது. அம்மாவுக்காக. அம்மா கொல்லிமலையில கிராம சுகாதார செவிலியரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க. மலை முழுக்க "நர்ஸம்மா"தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கின எச்.எம்.டி. ஜனதா வாட்சைத்தான் கடைசி வரைக்கும் கட்டியிருந்தாங்க. ஆம்பளைங்க வாட்ச். லேடீஸ் வாட்ச் ஏன் வாங்கலைன்னு கேட்டா, "அதுல செகண்ட் முள்ளு கண்ணுக்குத் தெரியாதுடா"ன்னு சொல்வாங்க.

அந்த செகண்ட் முள் ஏன் முக்கியம்? சளி, காய்ச்சலோட ஒரு குழந்தையைக் கொண்டு வந்தா, முதல்ல சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணணும். முழுசா ஒரு நிமிஷம். 2 மாசத்துல இருந்து 11 மாசம் வரைக்கும் உள்ள குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவையோ அதுக்கு மேலயோ மூச்சு வாங்கினா அது வேகமான மூச்சு. 1 வயசுல இருந்து 5 வயசுக்குள்ளன்னா 40. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது, நிமோனியாவைச் சந்தேகப்படுறதுக்கு. இங்க இருந்து அடிவாரம் காரவள்ளிக்கு இறங்கணும்னா 70 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி நேரத்துல ஒரு கைக்குழந்தையை இறக்கணுமா, காலையில வரை பார்க்கலாமாங்கிற முடிவு அந்த ஒரு நிமிஷ எண்ணிக்கையில நிக்கும். குழந்தையோட நெஞ்சையும் பார்க்கணும், வாட்சையும் பார்க்கணும். அதனால அவங்களுக்கு வாட்ச்னா செகண்ட் முள்தான்.

டிரெஸ் வாட்ச் பண்டிதர்கள் "ரெண்டு முள்தான் அழகு, செகண்ட் முள் இரைச்சல்"னு சொல்வாங்க. சொல்லட்டும். என் வாட்ச்ல அது இருக்கணும், அதுவும் டயலோட ஓரத்துல இருக்கிற நிமிஷக் கோட்டைத் தொடுற நீளத்துல.

மெஷின் எங்கே கிடைக்கும்?

பொழுதுபோக்கா வாட்ச் செய்ற பலபேர் ஆன்லைன்ல புது மெஷின் வாங்குறாங்க. ரொம்பப் பிரபலம் சீகோ குழுமத்தோட என்.எச்.35. உழைக்கும், விலையும் பரவாயில்லை. ஆனா அதோட தடிமன் மட்டுமே 5.3 மில்லிமீட்டர். மேல டயல், முள், கண்ணாடி, கீழ மூடின்னு சேர்த்தா 10-ஐத் தாண்டிடும். அடுத்தது சீகல் கம்பெனியோட எஸ்.டி.36. பாக்கெட் வாட்சுக்காகச் செஞ்ச ஒரு சுவிஸ் வடிவமைப்போட சீனப் பதிப்பு. பெருசா இருக்கிறதால கத்துக்க ரொம்ப நல்லது, ஆனா குறுக்களவே 36.6 மில்லிமீட்டர். கேஸ் போட்டா மறுபடி தோசைக்கல்தான். மெல்லிசு வேணும்னா பெசோ 7001, வெறும் 2.5 மில்லிமீட்டர். விலையைப் பார்த்தா நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

இந்தத் தடிமன் கணக்கை நம்ம ஊர்ப் பட்டறை அளவுல சொன்னா நல்லாப் புரியும். லேத் பட்டறையில "ஒரு நூல்"னா ஒரு அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 3.2 மில்லிமீட்டர். என்.எச்.35 போட்டா முழு வாட்ச் மூணு நூலைத் தாண்டும். 2002-ல டைட்டன் ஓசூர்ல இருந்து கொண்டுவந்த எட்ஜ் வாட்ச் முழுசா 3.5 மில்லிமீட்டர்தான். ஒரு நூலை விடக் கொஞ்சூண்டு அதிகம்! உள்ள இருந்த குவார்ட்ஸ் மெஷின் 1.15 மில்லிமீட்டர். தமிழ்நாடு அரசோட டிட்கோவும் டாடாவும் 1984-ல சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி, நம்ம மலையில இருந்து நாமக்கல், சேலம், தர்மபுரின்னு போனா வர்ற ஊர்ல இருந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சது. பேட்டரி வாட்ச்தானேன்னு இதை ஒதுக்கக் கூடாது.

நான் தேர்ந்தெடுத்தது எச்.எம்.டி.யோட 0231. சாவி கொடுக்குற மெஷின், 17 கல். ஜனதாவுக்குள்ளயும் இதுதான் இருக்கும். 1961-ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோட பெங்களூருல எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க. நம்ம தாத்தா, அப்பா தலைமுறையில பாதிப் பேர் கையில அதுதான். 2016 ஜனவரியில மத்திய அரசு எச்.எம்.டி. வாட்சஸை மூட முடிவெடுத்துச்சு.

இங்கதான் யோசிக்க வேண்டிய இடம். 0231 வேணும்னா ஈஸியான வழி, ஓடுற ஜனதா ஒண்ணை வாங்கி, மெஷினை எடுத்துட்டு மீதியைத் தூக்கிப் போடுறது. நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. முழுசா இருக்கிற ஒண்ணைக் கொன்னுட்டு இன்னொண்ணு செய்றதுக்குப் பேரு பொழுதுபோக்கு இல்லை. அம்மாவோட பழைய ஜனதாவை எடுக்கலாமேன்னு நண்பன் ஒருத்தன் கேட்டான். அம்மா காதுல விழுந்துருச்சு. "அது ஓடலைன்னாலும் என் வாட்ச்"னு சொல்லிட்டு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. பேச்சு முடிஞ்சது.

சரியான வழி பழைய வாட்ச் ரிப்பேர் கடை. நாமக்கல்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர், கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து வேலை பார்க்கிறவர், ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். வேர்வையில கேஸ் அரிச்சுப் போன, யாரும் திரும்ப வாங்க வராத வாட்ச்களோட மெஷின்கள். "ரெண்டு எடுத்துக்கோ தம்பி. ஒண்ணுல பேலன்ஸ் ஒடைஞ்சிருக்கு, ஒண்ணுல சாவி சைடு துரு. ரெண்டையும் சேர்த்தா ஒண்ணு தேறும்." ரெண்டு சேர்ந்து ஒண்ணு தேறிச்சு. வாட்ச் செய்ய ஆசைப்படுற எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான். முதல்ல இந்த மாதிரி ஒருத்தரைக் கண்டுபிடிங்க. அவர் பக்கத்துல பத்து நாள் உக்காருங்க. யூடியூப் அதுக்கு அப்புறம்.

பிரிக்கிறதும் பூட்டுறதும்

மூணு சைஸ் ஸ்க்ரூடிரைவர், நல்ல ட்வீசர் ரெண்டு, கண்ணுல மாட்டுற லென்ஸ், காத்து ஊதுற ரப்பர் குமிழ், முள் பொருத்துற கருவி. இதுவே போதும். பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கட்டாயம். மெயின் ஸ்பிரிங்ல இருக்கிற முறுக்கை மெதுவா இறக்கணும். பல் சக்கரத்தைப் பின்னால சுத்த விடாமப் பிடிச்சிருக்கிற ஒரு சின்னக் கொக்கி இருக்கும். சாவியை விரல்ல பிடிச்சுக்கிட்டு அந்தக் கொக்கியை விலக்கி, சாவியைக் கொஞ்சம் கொஞ்சமா விரலுக்குள்ள திரும்ப விடணும். முறுக்கோட பிரிச்சா மொத்த சக்தியும் ஒரே நொடியில வெளிய வரும், பல்லு போகும். அதுக்கப்புறம் முள், டயல், பேலன்ஸ், அதுக்குக் கீழ இருக்கிற பேலட், பிறகு சக்கரங்கள். ஒவ்வொரு படியிலயும் போன்ல போட்டோ எடுங்க.

கொல்லிமலையில இதுக்கு ஒரு சாதகம், ஒரு பாதகம். மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள் காத்துல தூசியே இருக்காது. வாட்ச் வேலைக்கு அதுதான் பெரிய வரம். ஆனா ஐப்பசி, கார்த்திகையில மேகம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வரும். எவர்சில்வர் தவிர எல்லாம் துருப்பிடிக்கும். ஹேர் ஸ்பிரிங் பக்கத்துல இருக்கிற இரும்புப் பாகத்துல ஒரு புள்ளி துரு விழுந்தாலும் வேலை போச்சு. அதனால கழுவின பாகங்களை சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டிபன் டப்பாவுக்குள்ள வச்சேன். வேலை நடுவுல எந்திரிச்சுப் போகணும்னா மெஷின் மேல ஒரு கண்ணாடி டம்ளரைக் கவுத்துட்டுப் போவேன். பெரியவர் சொல்லிக் கொடுத்த வித்தை, இப்பவும் அதை மிஞ்சின கருவி இல்லை.

எண்ணெய் விஷயத்துல ஒரு வரி: அதிகமா வைக்கிறது, வைக்காம விடுறதை விட மோசம். கல்லோட குழியில பாதி நிறைஞ்சா போதும். பேலட் அச்சுக்கு எண்ணெயே கூடாது.

மெஷின் ஓட ஆரம்பிச்சதும் என்கிட்ட இருக்கிற இந்த மைக்குக்கு முதல் தடவையா உருப்படியான வேலை கிடைச்சது. 0231 மணிக்கு 18,000 தடவை துடிக்கும். நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. மைக்கைப் பக்கத்துல வச்சுப் பதிவு பண்ணா, அந்தச் சத்தத்தை வச்சே வாட்ச் முந்துதா பிந்துதான்னு கணக்குப் போட்டுச் சொல்ற இலவச மென்பொருள் இருக்கு.

[20 விநாடி: வாட்ச் ஓடும் சத்தம்]

இந்தச் சத்தத்துல ஒரு "டிக்"குக்கும் அடுத்த "டிக்"குக்கும் நடுவுல இடைவெளி சமமா இருக்கணும். நொண்டுற மாதிரி கேட்டா பேலன்ஸ் நடுவுல நிக்கலைன்னு அர்த்தம். இப்போ ஒரு நாளைக்கு 20 நொடி முந்துது. மோசமான்னு கேட்டா, 86,400-ல 20, அதாவது 0.02 சதவீதம் சொச்சம். ஒரு நிமிஷ மூச்சை எண்ணும்போது அது நொடியில நூத்துல ஒரு பங்கு சொச்சம்தான். பிழை எங்க வரும்னா கண்ணுல வரும். முள் எங்க இருக்குன்னு தெரியாம தடுமாறினா ரெண்டு மூணு நொடி போயிடும். இதை உணர்ந்த பிறகுதான் என் நேரத்துல பெரும்பகுதியை டயலுக்குக் கொடுத்தேன்.

டயல்

0.4 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு. வட்டமா வெட்டி, நடுவுல துளை போட்டு, உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு ஒரே திசையில தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். பின்பக்கம் ரெண்டு செம்புக் கால் பற்றவைக்கணும். மெஷினோட ஓரத்துல அதுக்கான துளை இருக்கும். கால் கொஞ்சம் தள்ளினா நடுத்துளை தள்ளும், முள் உரசும்.

எண் தமிழ்ல வேணும்னு முடிவு பண்ணினேன். தமிழ் எண்களை நீங்க பழைய கல்வெட்டுலயோ பஞ்சாங்கத்துலயோ பார்த்திருப்பீங்க. பலபேருக்கு வாசிக்கத் தெரியாது. அது வாட்சுக்குப் பிரச்சினையே இல்லை. நாம யாரும் மணியை வாசிக்கிறதில்லை, முள் நிக்கிற இடத்தை வச்சுத்தான் பார்க்குறோம். எண்ணே இல்லாத டயல்லயும் மணி சொல்றோமே.

வடிவத்துல ஒரு சுவாரசியம் இருக்கு. 10-க்கு நமக்குத் தனி எழுத்து, ௰. வழக்கமான எண்கள்ல 10-க்கு ரெண்டு இலக்கம், எதிர்ல 2-க்கு ஒரே இலக்கம். வட்டத்தோட இடப்பக்கம் கனமாயிடும். தமிழ்ல ௨-க்கு எதிர்ல ௰, ரெண்டும் ஒத்தை எழுத்து. ஆனா ௰௧, ௰௨ ரெண்டும் அகலம். ௪, ௯ ரெண்டும் ஏற்கெனவே தாராளமா கையை விரிச்சு உக்காரும். எல்லாத்தையும் ஒரே உயரத்துல வச்சா டயல் ஒரு பக்கம் இழுக்குது. கடைசியில ௰௨-ஐ மட்டும் கொஞ்சம் சின்னதாக்கி, ௬-ஐக் கொஞ்சம் பெருசாக்கினேன். அளந்து பார்த்தா தப்பு, கண்ணால பார்த்தா சரி.

இதை உலோகத்துல எப்படிக் கொண்டு வர்றது? பாத்திரக் கடையில சீர்வரிசைக் குடத்துல பேர் வெட்டிக் கொடுப்பாங்களே, அவங்கதான். நாமக்கல்ல ஒரு பாத்திரக் கடை வாசல்ல உக்காந்திருக்கிற ஒரு அண்ணன்கிட்ட தகட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பேர் வெட்டணும்?"

"பேர் வேண்டாம்ணே, எண் மட்டும்."

"பேர் இல்லாம எதுக்கு என்கிட்ட வந்தே?"

அவர் விளையாட்டாத்தான் கேட்டார். வாட்ச் உலகத்துல அது விளையாட்டு இல்லை. பழைய எச்.எம்.டி. மெஷினை எடுத்து, டயலை அடிச்சு மறுபடி பெயின்ட் பண்ணி, கம்பெனி என்னைக்குமே போடாத நிறத்துல, மேல "எச்.எம்.டி."ன்னு அச்சடிச்சு, "ஒரிஜினல் விண்டேஜ்"னு விக்கிற பெரிய வியாபாரம் ஓடிட்டிருக்கு. உலகம் பூரா இருக்கிற சேகரிப்பாளர்கள் அதுக்குக் கிண்டலா வச்ச பேரே "மும்பை ஸ்பெஷல்". ஆயிரம், ரெண்டாயிரம் கொடுத்து அப்பா ஞாபகத்துக்குன்னு வாங்குறவங்க ஏமாறுறாங்க. நான் செஞ்சதுக்கும் அதுக்கும் மெஷின்ல வித்தியாசமே இல்லை, ரெண்டும் பழைய பாகங்களைச் சேர்த்துச் செஞ்சதுதான். டயல்ல இருக்கிற அந்த ஒரு பேர்தான் வித்தியாசம். நீங்க செஞ்ச வாட்ச்ல எச்.எம்.டி.ன்னு போட்டா அது பொய். உங்க பேரைப் போடலாம், தப்பில்லை. எனக்கு மனசு வரலை. மெஷின் பெங்களூரு, அதைச் சேர்த்துக் கொடுத்தது பெரியவர், எண் வெட்டுறது இந்த அண்ணன். அதனால டயல் பேர் இல்லாமயே இருக்கு. மூடியோட உள்பக்கம் மட்டும் "எச்.எம்.டி. 0231, ரெண்டு மெஷின்ல இருந்து சேர்த்தது"ன்னு கீறி வச்சிருக்கேன். ரிப்பேர் பார்க்கிறவங்க மூடிக்குள்ள தேதியும் குறியும் கீறி வைக்கிறது பழைய வழக்கம். நாளைக்கு இதைத் திறக்கிறவருக்கு உண்மை தெரியணும்.

ஓரத்துல 60 நிமிஷக் கோடு மட்டும் கையால வெட்டினா சமமா வராது. அதை டீக்கால் தாள்ல அச்சடிச்சு, தண்ணியில ஊறவச்சு ஒட்டினேன்.

கேஸ்

இதைச் சுருக்கமா முடிச்சிடறேன். நாமக்கல் லாரி பாடி கட்டுற ஊர். லேத்துக்குப் பஞ்சமே இல்லை. லாரி புஷ் கடையுற லேத்துல 34 மில்லிமீட்டர் பித்தளை வளையம் ஒண்ணு கடைஞ்சு கொடுத்தாங்க. லேத் அண்ணன் வரைபடத்தைப் பார்த்துட்டு, "இதுக்கு மேல சின்னதா எதுவும் கேட்றாதீங்க"ன்னார்.

வார் மாட்டுற கொம்புகளைத் தனியா கடையுறது வீண் சிரமம். முதல் உலகப்போர் நேரத்துல சிப்பாய்கள் கட்டின வாட்ச்களைப் பாருங்க. பாக்கெட் வாட்ச் மாதிரி உருண்டைக் கேஸ், ரெண்டு பக்கமும் வளைச்ச கம்பி, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி கைவாட்ச் கட்டுறதே பொம்பளைங்க வழக்கம், ஆம்பளைங்க பாக்கெட்லதான் வச்சிருப்பாங்க. அந்தக் கம்பி முறையையே எடுத்துக்கிட்டேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசு வேலை பார்க்கிற பத்தர் ஒருத்தர் வெங்காரம் வச்சு வெள்ளிக் கம்பியைப் பற்றவச்சுக் கொடுத்தார். வளையத்துக்கு மேல வெள்ளி முலாம். மொத்தத் தடிமன் மூணு நூலுக்குள்ள அடங்கிடுச்சு.

இதுல தண்ணி போகும். ரப்பர் வளையம் போட்டிருக்கேன், ஆனா நம்ப மாட்டேன். வீட்டுல செஞ்ச வாட்சைக் கட்டிக்கிட்டு ஆகாய கங்கையில குளிக்கப் போகாதீங்க.

எவ்வளவு செலவாச்சுன்னு கமெண்ட்ல கேட்பீங்க. கருவிகளைச் சேர்க்காம 5,000 ரூபாய்க்குள்ள. வேலை நேரம் நாலு மாசம், சனி ஞாயிறு மட்டும்.

அம்மா வாங்கிப் பார்த்துட்டு முதல்ல டயலைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. கட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிட்டிருந்ததுக்குப் பக்கத்துல போய் உக்காந்தாங்க. ஒரு நிமிஷம் கழிச்சு "முப்பத்தி ரெண்டு"ன்னாங்க. அப்புறம்தான், "இந்த ஏழு கொஞ்சம் சாஞ்சிருக்கே?"ன்னு கேட்டாங்க. ௭ சாஞ்சுதான் இருக்கு. வெட்டின அண்ணனோட கை அது, அப்படியே விட்டுட்டேன்.

சாவி தினமும் காலையில ஒரே நேரத்துல கொடுங்க. விரலுக்கு இறுக்கம் தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. அடுத்த எபிசோட்ல பெரியவரோட பிஸ்கட் டின்னை முழுசாத் திறந்து பார்க்கலாம்.